ஃபீல், சென்ஸ், டச் எல்லாத்துக்கும் "உணர்" ஒண்ணுதானா? ரங்கூன்லேர்ந்து கொஞ்சம் நீளமான பதில்

தங்கச்சி கேட்டது இதுதான். சிங்கப்பூர்ல வயசானவங்களைப் பாத்துக்குற கேர்கிவர் வேலைக்கு இங்க ரங்கூன்ல ட்ரெய்னிங் போயிட்டிருக்கா. அகராதியைப் புரட்டினா ஃபீல்னாலும் உணர், சென்ஸ்னாலும் உணர், பெர்சீவ்னாலும் உணர், சென்சேஷனும் உணர்ச்சி, எமோஷனும் உணர்ச்சி. சென்சிபிளும் சென்சிட்டிவும் ஒண்ணா வேறயா, எதை எங்க போடுறதுன்னே தெரியல சயாமா (பர்மீஸ்ல டீச்சரம்மா)ன்னு கேக்குறா. நியாயமான கேள்விதான். நான் 30 வருஷமா வீட்டுல டியூஷன் எடுக்குறேன், இந்த இடத்துல தடுமாறாத பிள்ளையை நான் பாத்ததில்ல, நானே தடுமாறி ஒரு டாக்டர் முன்னாடி அசடு வழிஞ்ச கதையும் இருக்கு, பின்னால சொல்றேன்.

முதல்ல நம்ம வாயில ஏற்கனவே ஒட்டிக்கிட்டிருக்குற ஒரு ஃபீலைக் கழட்டி வைக்கணும். தமிழ்ப் படமும் சீரியலும் பாத்துப் பாத்து நாமளும் "அவன் ரொம்ப ஃபீல் பண்ணிட்டான்", "ஃபீல் பண்ணாதடி"ன்னு பேசுறோம். அந்த ஃபீலுக்கு அர்த்தம் வருத்தப்படுறது. அது இப்ப முழுக்கத் தமிழ் வார்த்தை ஆயிடுச்சு, இங்கிலீஷ்ல அதுக்கு அந்த அர்த்தம் கிடையாது. அழுதுக்கிட்டிருக்குற ஒரு பாட்டிகிட்ட போய் "டோன்ட் ஃபீல்"னு சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, "டோன்ட் ஃபீல் சேட்"னு கூட ஒரு வார்த்தை சேந்தாத்தான் அது வருத்தம் ஆகும். டென்ஷனும் அதே கேசுதான், நம்ம ஊர்ல டென்ஷன் ஆயிட்டாருன்னா கத்திட்டாருன்னு அர்த்தம். அங்க ரிப்போர்ட்ல அப்படி எழுதாத. கோபமா இருந்தா ஆங்ரி, படபடப்பா இருந்தா ஆங்சியஸ், எதைச் சொன்னாலும் சிடுசிடுன்னா இரிட்டபிள்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எனக்குப் பசிக்குது, எனக்கு வலிக்குது, எனக்குக் குளிருது, எனக்குப் பயமா இருக்கு, எனக்குத் தோணுது. கவனிச்சியா, எல்லாத்துலயும் நாம "எனக்கு"ன்னு திண்ணையில ஒதுங்கி உக்காந்திருக்கோம், பசியும் குளிரும் வலியும் விருந்தாளி மாதிரி அதுங்களா வருதுங்க போகுதுங்க. இங்கிலீஷ்ல ஆளைத் தூக்கி நடு நாற்காலில உக்கார வச்சுடுவாங்க: ஐ ஆம் ஹங்க்ரி, ஐ ஃபீல் கோல்ட், ஐ ஆம் அஃப்ரெய்ட். அதனால வார்த்தைக்கு அர்த்தம் தேடுறதுக்கு முன்னாடி நாற்காலில யாருன்னு பாரு. நானா வேணும்னு செய்றேனா, தானா எனக்கு வருதா, இல்ல அந்தப் பொருளே அப்படி இருக்கா? இந்த மூணு கேள்வியைக் கேட்டுட்டா பாதி குழப்பம் தீந்துடும்.

கண்ணை எடுத்துக்கோ. நானா பாக்குறது லுக். தானா கண்ணுல படுறது சீ. பொருள் எப்படித் தெரியுதுன்னு சொல்றதுக்கு மறுபடி லுக், "யு லுக் டயர்ட்"னா நீ களைச்ச மாதிரி தெரியுற. காதுக்கும் அப்படியே மூணு: காது குடுத்துக் கேக்குறது லிசன், காதுல விழுறது ஹியர், கேக்க எப்படி இருக்குன்னா சவுண்ட். நம்ம தமிழ்ல கேள்ங்கிறது பாவம், லிசனும் அதுதான், ஹியரும் அதுதான், கேள்வி கேக்குறதும் அதுதான், சொன்ன பேச்சு கேக்குறதும் அதுதான். ஆனா உனக்கு பர்மீஸ் தண்ணிபட்ட பாடு, அங்கேர்ந்து வா. "ச்சீ"ன்னா நாம பாக்குறது, "மியின்"னா கண்ணுல படுறது. "நாதவுன்"னா காது குடுத்துக் கேக்குறது, "ச்சா"ன்னா காதுல விழுறது. லுக், சீ, லிசன், ஹியர், அப்படியே அச்சு அசலா நாலும் உக்காருது பாரு. ஸ்கூல்ல இங்கிலீஷைத் தமிழ் வழியா யோசிச்சுத் தடுமாறின பிள்ளைங்களுக்கு நான் இதைச் சொன்னதும் "அட, அவ்வளவுதானா சயாமா"ன்னு சிரிச்சுடுவாங்க. ஒரே ஒரு இடத்துல மட்டும் தமிழும் பர்மீசும் ஒரு கட்சி, இங்கிலீஷ் எதிர்க்கட்சி: நாம "சாப்பிட்டுப் பாரு"ங்கிறோம், பர்மாக்காரங்க "சா ஜீ"ங்கிறாங்க, ரெண்டுலயும் பாக்குறதுன்னா முயற்சி பண்ணிப் பாக்குறது. இங்கிலீஷ்ல "ஈட் அண்ட் சீ"ன்னா மிரட்டுற மாதிரி இருக்கும். "ட்ரை சம்"னு சொல்லணும்.

கண்ணுக்கும் காதுக்கும் இத்தனை வார்த்தை வச்சிருக்குற இங்கிலீஷ் மூக்கு, நாக்கு, தோலுக்கு வந்ததும் கஞ்சனாயிடும். ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், ஆளுக்கு ஒண்ணுதான், மூணு நாற்காலிக்கும் அதே ஒண்ணு மாறி மாறி உக்காரும். மோந்து பாக்குறதும் ஸ்மெல், வாசனை வர்றதும் ஸ்மெல், பொருள் மணக்குறதும் ஸ்மெல். வம்பே இங்கதான் வருது. "ஐ கேன் ஸ்மெல் ஃபிஷ்"னா எனக்கு மீன் வாசனை வருது. "ஐ ஸ்மெல் ஆஃப் ஃபிஷ்"னா என் மேல மீன் நாத்தம் அடிக்குது. "ஐ ஸ்மெல்"னு மொட்டையா நிறுத்தினா நான் குளிச்சு நாளாச்சுன்னு அர்த்தம், அதனால இண்டர்வியூல தயவுசெஞ்சு "ஐ ஸ்மெல் வெரி வெல்"னு சொல்லி வைக்காத, என் டியூஷன் பொண்ணு ஒருத்தி சொல்லிட்டு வந்தா. ஐ கேன் சீ, ஐ கேன் ஹியர், ஐ கேன் ஸ்மெல்னு அந்த "கேன்" சேத்துப் பழகிக்கோ, தானா வர்றதுக்கு அதுதான் அங்க வழக்கம். "ஐ ஆம் ஹியரிங் யூ"ன்னு நாம பேசுறது "கேட்டுக்கிட்டிருக்கேன்"ஐ அப்படியே தூக்கிப் போட்டது.

வாசனைல இன்னொண்ணு. நமக்கு மணக்குது வேற, நாறுது வேற. பர்மீஸ்லயும் "ம்வேதே" வேற, "நாந்தே" வேற. நம்ம வீட்டு ஙப்பி (புளிக்க வச்ச மீன் விழுது) டப்பாவைத் திறந்தா பர்மாக்காரங்களுக்கு அது மணம், புதுசா வந்த சொந்தக்காரங்களுக்கு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடுற நாத்தம், பொருள் ஒண்ணு, வார்த்தை எதுங்கிறதை மூக்குக்குச் சொந்தக்காரர் முடிவு பண்றார். இங்கிலீஷ்ல வெறும் ஸ்மெல்னா நடுநிலை மாதிரி தெரியும், ஆனா மொட்டையா "இட் ஸ்மெல்ஸ்"னா நாறுதுன்னுதான் எடுத்துப்பாங்க. நல்லதுக்கு ஃப்ராக்ரன்ஸ், சாப்பாட்டுக்கு அரோமா, லேசான மணத்துக்கு சென்ட், கெட்டதுக்கு ஓடர், ரொம்பக் கெட்டதுக்கு ஸ்டிங்க். நர்சிங் ரிப்போர்ட்ல ஸ்டிங்க் எழுதாத, மரியாதை இல்ல, புண்ணுலேர்ந்து கெட்ட வாடை வந்தா "ஃபவுல் ஓடர்"னு எழுதுவாங்க. நம்ம நாத்தமும் ஒரு காலத்துல நல்ல வார்த்தையா இருந்ததுதான், ஆண்டாள் சங்குகிட்ட "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ"ன்னு கேட்டப்ப கண்ணன் வாய் மணக்குதான்னுதான் கேட்டாங்க. எப்படியோ அது சரிஞ்சு சாக்கடை வரைக்கும் போயிடுச்சு.

சென்ட்னு சொன்னேன்ல, அது நம்ம சென்ஸோட சொந்த அண்ணன் தம்பி. லத்தீன்ல சென்டிரேன்னா உணர்றது. அதுலேர்ந்து வந்ததுங்கதான் சென்ஸ், சென்டிமென்ட், கன்சென்ட், ரிசென்ட், நாம இலக்கணத்துல படிக்குற சென்டென்ஸ் கூட. சென்ட்டை எழுதுறப்ப நடுவுல ஒரு சி வருதே, அது 17ஆம் நூற்றாண்டுல யாரோ தேவையில்லாம சொருகினது. அதனால ஸ்பெல்லிங் தப்பா எழுதினா ரொம்ப வெக்கப்படாத.

இப்ப ஃபீலுக்கு வரேன். பழைய இங்கிலீஷ்ல ஃபீல்னா தொடுறது, தொட்டு அறியுறது. மனசு சமாச்சாரமெல்லாம் பின்னால வந்து சேந்தது. நம்ம ஆளுங்களும் தொடுதலைத்தான் அடிப்படைன்னு வச்சாங்க. தொல்காப்பியத்துல உயிர்களை அறிவு வச்சு வரிசைப்படுத்துறப்ப ஓரறிவுன்னா உற்றறியுறது, அதாவது தொடு உணர்வு, அது புல்லுக்கும் மரத்துக்கும் உண்டு. அதுக்கு மேல நாக்கு, அப்புறம் மூக்கு, கண்ணு, காது, கடைசியா ஆறாவதா மனசு. எறும்புக்கு மூணு, நண்டுக்கு நாலு. இதை மனசுல வச்சுக்கோ, கடைசியில ஆறாவது அறிவுல ஒரு பள்ளம் இருக்கு.

டச்சுக்கும் ஃபீலுக்கும் என்ன வித்தியாசம்? டச்ல கை போய்ப் படுது, அவ்வளவுதான், மேஜை சுவரை டச் பண்ணலாம். ஃபீல்னா பட்டதுக்கப்புறம் உள்ள ஒரு சேதி போகணும். மேஜைக்கு அது கிடையாது. இதை நான் கத்துக்கிட்டது ஒரு கோயில் மண்டபத்துல. பத்து வருஷத்துக்கு மேல இருக்கும், இலவச மருத்துவ கேம்ப் போட்டிருந்தாங்க, வெளிநாட்டு டாக்டர் ஒருத்தர் வந்திருந்தார், தமிழ்க்காரங்களுக்கு நான் மொழிபெயர்ப்பு. இட்லி யாவாரம் பண்ற ஒரு அக்கா, சர்க்கரை வியாதி ரொம்ப வருஷமா, வந்து உக்காந்து "கால் மரத்துப் போச்சும்மா"ன்னாங்க. நான் பெரிய மேதாவி மாதிரி "ஹர் லெக்ஸ் ஹேவ் பிகம் வுட்"னு எடுத்து விட்டேன். டாக்டர் பாவம், முட்டி மடங்கலன்னு நெனச்சு முட்டியைப் பிடிச்சு மடக்கி மடக்கிப் பாக்குறார், அது நல்லா மடங்குது, அவர் முழிக்குறார், அக்கா என்னைப் பாக்குறாங்க. கட்டை மாதிரி விறைச்சிருந்தா அது ஸ்டிஃப். உணர்ச்சி இல்லாம போனா அது நம். அந்த நம்ல கடைசி எழுத்து பி, எழுதணும், சொல்லக் கூடாது. பழைய அர்த்தம் "பிடுங்கிக்கிட்டுப் போனது"ன்னு, உணர்ச்சியை எவனோ தூக்கிட்டுப் போயிட்ட மாதிரி.

கதை அங்க முடியல. டாக்டர் பையிலேர்ந்து மீன் பிடிக்குற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை எடுத்தார். அதைப் பாதத்துல வச்சு வளையுற வரைக்கும் அமுக்கினா சரியா 10 கிராம் அழுத்தம் விழும், அது கூடத் தெரியலன்னா காலுக்குப் பாதுகாப்பு போச்சுன்னு கணக்கு. வச்சுட்டு "கேன் யூ ஃபீல் திஸ்?"னார். நான் "தெரியுதாக்கா?"ன்னேன். "தெரியுதே"ன்னாங்க. அடுத்த இடம், "தெரியுதே". அவர் சந்தோஷமா டிக் போடுறார். எனக்குத்தான் சந்தேகம் வந்து திரும்பிப் பாத்தா அக்கா குனிஞ்சு இழையையே பாத்துக்கிட்டிருக்காங்க! கண்ணுக்குத் தெரியுதுன்னு சொல்லியிருக்காங்க, அவங்க மேல தப்பே இல்ல, நம்ம தமிழ்ல தெரியுதுங்கிறது கண்ணுக்கும் தோலுக்கும் மூளைக்கும் பொதுச் சொத்து. கண்ணை மூடச் சொல்லிட்டு "படுற மாதிரி இருக்கா?"ன்னு கேட்டேன். அஞ்சு இடம் தொட்டார், அக்கா வாயே திறக்கல, "ஆரம்பிச்சாச்சா?"ன்னு கேட்டாங்க. கட்டைவிரலுக்குக் கீழ செருப்பு ஆணி குத்தி ஒரு புண்ணு இருந்துச்சு, அது இருக்குறதே அவங்களுக்குத் தெரியாது. சர்க்கரை நீளமான நரம்புகளைத்தான் முதல்ல அரிக்கும், அதனாலதான் பாதத்துல ஆரம்பிக்குது. அங்க போய் நீ ஒருத்தர் காலைப் பாக்குறப்ப தமிழ்ப் பாட்டியா இருந்தா "தெரியுதா"ன்னு மட்டும் கேக்காத.

சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உக்காந்தா வர்றது வேற. நரம்பு அமுங்கி முதல்ல மதமதன்னு ஆகும், எந்திரிச்சதும் ஊசி ஊசியா குத்தும், அதுக்கு இங்கிலீஷ்ல பின்ஸ் அண்ட் நீடில்ஸ்னு ஊசியும் குண்டூசியுமாவே பேர் வச்சிருக்காங்க. லேசான குறுகுறுப்புக்கு டிங்ளிங். தோல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு பெரியவங்க சொல்வாங்கல்ல, அதுக்கும் டாக்டருங்ககிட்ட ஒரு வார்த்தை இருக்கு, ஃபார்மிகேஷன், லத்தீன்ல ஃபார்மிகான்னா எறும்பு, ஆக அவங்களுக்கும் எறும்புதான் ஊர்ந்திருக்கு. ஆனா நீ அதைச் சொல்லாத, உச்சரிப்பு கொஞ்சம் வழுக்கினா கள்ளக்காதல் சம்பந்தப்பட்ட வேற வார்த்தை ஆயிடும், "இட் ஃபீல்ஸ் லைக் ஆன்ட்ஸ் க்ராலிங்"னே சொல்லிடு. அரிப்புக்கு இட்ச், சொறியுறதுக்கு ஸ்க்ராட்ச். இட்ச் தானா வர்றது, ஸ்க்ராட்ச் நாமா செய்றது, மறுபடி நாற்காலிதான்.

வலிக்குத்தான் உனக்கு அதிகம் வேலை. "மை லெக் இஸ் பெயினிங்"னு நம்ம பக்கம் எல்லாரும் சொல்றோம், புரியாம போகாது, ஆனா "மை லெக் ஹர்ட்ஸ்" தான் சரி, பெயினை "ஐ ஹேவ் எ பெயின்"னு பெயர்ச்சொல்லா வச்சுக்கோ. உளைச்சல், கடுப்பு, இழுத்துக்கிட்டே இருக்குற மந்தமான வலி ஏக். வேலை செஞ்சு மறுநாள் தொட்டா வலிக்குதே அது சோர், அதே சோர் பெயர்ச்சொல்லா வந்தா புண்ணு, படுக்கைப் புண்ணை பெட் சோர்ம்பாங்க, இது கேர்கிவருக்கு ரொம்ப முக்கியம். அமுக்கினா மட்டும் வலிச்சா டெண்டர். விண்ணு விண்ணுன்னு தெறிச்சா த்ராபிங். சுருக்குன்னா ஸ்டிங்கிங் (தேள் கொட்டுற ஸ்டிங், நாத்தத்து ஸ்டிங்க் இல்ல), குத்துச்சுன்னா ஸ்டாபிங், எரிஞ்சா பர்னிங், சதை பிடிச்சா க்ராம்ப். இதெல்லாம் சும்மா அலங்காரம்னு நெனைக்காத. 1975ல ரொனால்ட் மெல்சாக்னு கனடா மெக்கில் யுனிவர்சிட்டிக்காரர் வலிக்குன்னே ஒரு கேள்வித்தாள் போட்டார், அதுல 78 வார்த்தை, 20 கூட்டமா பிரிச்சு வச்சிருக்கார், நோயாளி எந்த வார்த்தையைத் தேர்ந்தெடுக்குறாருங்கிறதே நோய் எதுன்னு கண்டுபிடிக்க ஒரு துப்பு. எரிச்சல்னா நரம்பா இருக்கலாம். நம்ம பாட்டிங்ககிட்டயும் இந்த 78க்குக் குறையாது, குடையுது, இழுக்குது, வெட்டுது, பிசையுதுன்னு அடுக்குவாங்க, நாமதான் "பெயின்"னு ஒரே வார்த்தைல மூட்டை கட்டிடுறோம்.

சென்ஸை ஃபீல்கிட்டேர்ந்து பிரிக்கணும்னா அந்த நிலநடுக்கத்தை நெனச்சுக்கோ. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம் 12:50 இருக்கும், சகாய்ங், மண்டலே பக்கம் 7.7. அங்க நடந்ததை நான் எழுத வேண்டியதில்ல. நான் ரங்கூன்ல அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன், தலை சுத்துற மாதிரி இருந்துச்சு, காலைல சாப்பிடாததுதான்னு நெனச்சேன். அப்புறம் மேல தொங்குற லைட்டு ஆடுறதைப் பாத்தேன். அப்புறம்தான் பூமி ஆடுதுன்னு உறைச்சுது. இங்கிலீஷ்ல இந்தப் பத்து செகண்டுக்கு மூணு வினை: ஐ ஃபெல்ட் டிஸ்ஸி, ஐ நோட்டீஸ்ட் தி லைட் ஸ்விங்கிங், ஐ ரியலைஸ்ட் இட் வாஸ் அன் எர்த்க்வேக். உடம்புக்கு வந்தது ஃபீல், கண்ணு பிடிச்சது நோட்டீஸ், புத்தி சேத்துக் கட்டினது ரியலைஸ். ஆடுறதுக்கு முன்னாடியே எதிர்வீட்டு நாய் குலைக்க ஆரம்பிச்சிருந்தா, தி டாக் சென்ஸ்ட் சம்திங். ஆதாரம் கையில இல்லாம, காரணம் சொல்லத் தெரியாம, ஏதோ இருக்குன்னு பிடிபடுறதுதான் சென்ஸ். பாட்டி ஒண்ணுமே சொல்லல, ஆனா உனக்கு அவங்க பயந்திருக்காங்கன்னு படுது, ஐ சென்ஸ் ஷி இஸ் அஃப்ரெய்ட். பெர்சீவை விட்டுடு, பேச்சுல யாரும் அதிகம் எடுக்க மாட்டாங்க, அது புத்தக வார்த்தை.

உறைச்சுதுன்னு எழுதினேன்ல, அந்த வார்த்தை மேல எனக்கு ஒரு பாசம். மிளகாய் உறைக்குது. திட்டினாலும் அவனுக்கு உறைக்கல. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நாக்குல பட்ட காரம் மானத்துக்கும் புத்திக்கும் ஏறிப் போயிடுச்சு. இங்கிலீஷ்ல மிளகாய்க்கு ஹாட், சூட்டுக்கும் ஹாட், ரொம்ப நாள் அது வார்த்தைப் பஞ்சம்னு நெனச்சேன். ஆனா உடம்புக்குள்ளயும் அப்படித்தானாம். மிளகாய்ல இருக்குற கேப்சைசினும் சுமார் 43 டிகிரிக்கு மேல போற சூடும் நரம்புல ஒரே கதவைத்தான் தட்டுது, டிஆர்பிவி1னு அதுக்குப் பேர், 1997ல டேவிட் ஜூலியஸ் கூட்டம் கண்டுபிடிச்சாங்க. 2021ல அவருக்கும், அமுக்கம் பட்டா திறக்குற கதவைக் கண்டுபிடிச்ச ஆர்டெம் படாபூட்டியனுக்கும் சேத்து மருத்துவ நோபல் குடுத்தாங்க. ஆக காரம் சுவையே இல்ல, அது ஒரு சூட்டு வலி. நம்ம ஆறு சுவைல அதுக்கு இடம் குடுத்திருக்கோம், அவங்க இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (கறிச்சாறு மாதிரி ஒரு ருசி)ன்னு அஞ்சோட நிறுத்திட்டாங்க. பேசுறப்ப மட்டும் கவனம், சாப்பாடு காரம்னா ஸ்பைசின்னு சொல்லு, ஹாட்னா சூடா காரமான்னு திருப்பிக் கேப்பாங்க. உனக்குப் புழுக்கமா இருந்தா "ஐ ஃபீல் ஹாட்", "ஐ ஆம் ஹாட்"னு சொன்னா சில பசங்க வேற மாதிரி சிரிப்பாங்க. லப்பேதோ (புளிக்க வச்ச தேயிலைக் கலவை) மென்னா வாய்ல வருமே துவர்ப்பு, அதுக்கு அஸ்ட்ரிஞ்சன்ட்னு வார்த்தை இருக்கு, ஆனா அன்றாடப் பேச்சுல அங்க அதுக்கு ஆளே இல்ல.

சென்சிபிள், சென்சிட்டிவ். விவரமானவ, புத்தியா நடந்துக்குறவன்னா சென்சிபிள். "வேர் சென்சிபிள் ஷூஸ்"னு அங்க சொன்னா வழுக்காத, காலைக் கடிக்காத செருப்பா போடுன்னு அர்த்தம், செருப்புக்கு உணர்ச்சி இருக்குன்னு இல்ல. சென்சிட்டிவ்னா பட்டுன்னு பாதிக்கும்னு அர்த்தம், தோலும் சென்சிட்டிவ், மனசும் சென்சிட்டிவ். இதுக்கு நம்மகிட்ட ஒரு அருமையான சொல்லு இருக்கு, அகராதிக்காரங்க அதை ஏன் போடுறதில்லையோ, கூச்சம். பல் கூசுதுன்னா சென்சிட்டிவ் டீத். கண்ணு கூசுதுன்னா வெளிச்சம் க்ளேர் அடிக்குது. அக்குள்ல தொட்டா கூசுதுன்னா டிக்லிஷ். மாமியார் முன்னாடி பேசக் கூச்சம்னா ஷை. நமக்கு ஒண்ணு, அவங்களுக்கு நாலு. அடுத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூச்சப்படுறோமே, பர்மீஸ்ல "ஆனாதே", அதுக்கு இங்கிலீஷ்ல ஒத்தை வார்த்தையே கிடையாது. சிங்கப்பூர்ல நீ பாக்கப்போற பெரியவங்க பாதி பேர் தண்ணி வேணும்னு கூடக் கேக்க மாட்டாங்க, அது ஆனாதே தான். ரிப்போர்ட்ல எழுதணும்னா "ஷி டஸ் நாட் லைக் டு பாதர் அஸ்"னு சுத்தி வளைச்சுத்தான் எழுதணும்.

சென்சுவல்ங்கிற வார்த்தைப் பக்கமே போகாத. டியூஷன் பையன் ஒருத்தன் பயோடேட்டால "ஐ ஆம் எ சென்சுவல் பெர்சன்"னு எழுதிக் கொண்டாந்தான், எல்லாத்தையும் உணர்ந்து நடக்குறவன்னு அவன் எண்ணம். அது படுக்கையறைச் சமாச்சாரம்டான்னு சொன்னதும் பையன் காது செவந்துடுச்சு. அந்த வாடை இல்லாம ஐம்புலனுக்கும் இதமா இருக்குறதைச் சொல்லணும்னுதான் 1641ல கவிஞர் மில்டன் சென்சுவஸ்னு தனியா ஒண்ணு உண்டாக்கினார், பாவம், அவர் உழைப்பு வீண், எல்லாரும் ரெண்டையும் போட்டுக் குழப்பிட்டாங்க. உனக்கு ரெண்டுமே வேண்டாம்.

எமோஷனுக்கும் சென்சேஷனுக்கும் நீ கேட்ட வித்தியாசம் லேசு. சென்சேஷன் உடம்புல, எமோஷன் மனசுல. ஃபீலிங் ரெண்டு பக்கமும் போகும், ஆனா ஒரு எஸ்ல எல்லாம் இருக்கு: "நோ ஃபீலிங் இன் மை ஃபுட்"னா கால் மரத்துப் போச்சு, "யு ஹர்ட் மை ஃபீலிங்ஸ்"னா மனசைப் புண்படுத்திட்ட. ஃபீலிங்ஸ்னு எஸ் வந்துட்டா அது மனசு. நம்ம மொழில மனசு எங்க இருக்குன்னு கேட்டா எனக்கென்னவோ வயித்துலதான்னு தோணும். வயிறு எரியுது, பெத்த வயிறு, வயித்தைக் கலக்குது. பர்மீஸ்லயும் சந்தோஷம் "வுன் தா", துக்கம் "வுன் நே", ரெண்டுலயும் வர்ற வுன் வயிறுதான். இங்கிலீஷ்காரங்களும் காரணம் தெரியாம மனசுல படுறதை கட் ஃபீலிங்னு குடல்ல வைக்குறாங்க. ஆனாலும் ஒரு பாட்டி "என் மகன் எட்டியே பாக்கல, வயிறு எரியுது"ன்னா "ஸ்டமக் பர்னிங்"னு எழுதி வச்சுடாத, அல்சருக்கு மாத்திரை குடுத்துடுவாங்க.

போர் அடிக்குதுக்கும் ஒரு வரி. "எனக்கு போர் அடிக்குது"ன்னு நெனச்சுக்கிட்டு "ஐ ஆம் போரிங்"னு சொல்றோம், அதுக்கு அர்த்தம் நானே ஒரு ரம்பம். உனக்கு வந்தா போர்ட், நீ அடுத்தவங்களுக்குக் குடுத்தா போரிங். டயர்ட், டயரிங், இன்ட்ரஸ்டட், இன்ட்ரஸ்டிங் எல்லாம் இந்தக் கணக்குதான்.

அந்தப் பள்ளம்னு சொன்னேனே. நமக்கு ஆறறிவுன்னா பகுத்தறிவு, மனுஷனாப் பிறந்த எல்லாருக்கும் உண்டு, அது இல்லன்னா மாடு. இங்கிலீஷ்ல "சிக்ஸ்த் சென்ஸ்"னா பேய் பிசாசு வர்றது முன்கூட்டியே தெரியுற மாதிரி ஏதோ விசேஷ சக்தி. "ஐ ஹேவ் சிக்ஸ்த் சென்ஸ், ஐ ஆம் ஹியூமன்"னு நீ சொன்னா இண்டர்வியூ எடுக்குறவங்க உன்னைக் கைரேகை பாக்கச் சொல்வாங்க. நம்ம ஆறாவது அறிவுக்கு அங்க ரீசன், அன்றாட விவரத்துக்கு காமன் சென்ஸ்.

ஆங், விட்டுப்போச்சு, நீ கடைசில கேட்ட "ஃபீல் லைக்". "ஐ ஃபீல் லைக் காபி"ன்னா நான் காபி மாதிரி இருக்கேன்னு இல்ல, காபி குடிக்கணும் போல இருக்கு. வயசானவங்க தினம் சொல்ற வாக்கியம் "ஐ டோன்ட் ஃபீல் லைக் ஈட்டிங்", சாப்பிடவே பிடிக்கலன்னு. "ஐ ஃபீல் சிக்"னு சொன்னா மட்டும் உடம்பு சரியில்லன்னு பொதுவா எடுத்துக்காம பக்கெட்டைக் கிட்ட வை, குமட்டலுக்கும் அங்க அதேதான் சொல்வாங்க.